ஸ்நூக்கரும் சிறு பந்தயங்களும்

ஸ்நூக்கர் என்னும் மேஜைப் பந்தாட்டம் இங்கிலாந்தில் பிறந்து நம் நாட்டுக்கு வந்தது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. அது பிறந்த ஊர் ஜபல்பூர். விதிகள் அமைந்து உருவம் பெற்ற ஊர் நம் உதகமண்டலம். 1875-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், ஜபல்பூரில் தங்கியிருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் வெளியே செல்ல இயலாமல், விடுதிக்குள்ளேயே பந்துருட்டிப் பொழுது போக்கினர். அவர்களுள் நெவில் சேம்பர்லின் என்ற 19 வயது இளைஞர் ஒருவர், அக்காலத்து வழக்கிலிருந்த சில ஆட்டங்களைக் கலந்து, சிவப்புப் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் மேஜைமேல் வைத்துப் புதியதோர் ஆட்டத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமராயிருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு. ராணுவக் கல்லூரியில் முதலாண்டு பயிலும் கற்றுக்குட்டிகளுக்கு அந்நாளில் ‘ஸ்நூக்கர்’ என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. எளிதான பந்தைத் தவறவிட்ட ஒரு நண்பரைச் சேம்பர்லின் அப்பெயரால் அழைக்க, அது ஆட்டத்துக்கே பெயராகி நிலைத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்குப் பின் சேம்பர்லின், சென்னைப் படையின் தலைமைத் தளபதியான சர் பிரெடரிக் ராபர்ட்ஸிடம் பணியில் அமர்ந்து, கோடைதோறும் உதகைக்கு வந்தார். அங்குள்ள கிளப்பில் இவ்வாட்டம் வேரூன்றியது. 1882-ஆம் ஆண்டளவில் அதன் விதிகள் எழுதப்பெற்று, பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் தொங்கவிடப்பட்டன என்பர். 1885-இல் இந்தியாவுக்கு வந்த ஜான் ராபர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பில்லியர்ட்ஸ் வீரர் கல்கத்தாவில் சேம்பர்லினைச் சந்தித்து, இப்புதிய ஆட்டத்தைக் கேட்டறிந்து தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். ஆகவே மிளகைப் போலவும் மஸ்லினைப் போலவும் இதுவும் இங்கிருந்து கப்பலேறிய ஒரு சரக்குத்தான்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கேரம் பலகை இல்லாத தமிழ்த் தெரு இல்லை. ஆகையால் இதை விளங்கிக்கொள்வது நமக்கு அரிதன்று. 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட, பச்சைக் கம்பளித் துணி போர்த்திய மேஜை, ஆறு குழிகள், 15 சிவப்புப் பந்துகள், ஆறு நிறப் பந்துகள், அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. கையில் நீண்ட கோல். ஒரு சிவப்பைக் குழியில் தள்ளினால் ஒரு புள்ளி. அதன்பின் ஒரு நிறப் பந்து. மஞ்சளுக்கு 2 என்று தொடங்கிக் கறுப்புக்கு 7 வரை புள்ளிகள் உண்டு. தவறாமல் ஆடி, ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே தள்ளி, இறுதியில் நிறங்களையும் வரிசையாக முடித்தால் 147 புள்ளிகள் சேரும். ஒரு முறை மேஜை காலியாவதை ஒரு ‘பிரேம்’ என்பர். இத்தனை பிரேம்களில் யார் பாதிக்கு மேல் வெல்கிறாரோ அவரே ஆட்டத்தில் வென்றவர்.

இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் சற்றேறக்குறைய நூற்றிருபது, நூற்றுமுப்பது பேர். ஷெபீல்டு நகரத்துக் குரூசிபிள் அரங்கில் நடைபெறும் உலகப் பந்தயத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆனால் ஆண்டு முழுவதும், பெயரே வெளியில் தெரியாத சிறு பந்தயங்கள் பல நடந்தவண்ணம் இருக்கின்றன. பரிசு சிறிது, கூட்டம் சிறிது, ஆட்டமும் குறுகியது. இவை எதற்கு, பெரிய பந்தயங்கள் நாலைந்து இருந்தால் போதாவா என்று கேட்போர் உண்டு. போதா என்பதற்கு இவ்வாட்டத்தின் சரித்திரமே சாட்சி சொல்கிறது.

முதல் உலகத் தொழில்முறைப் பந்தயம் 1927-இல் நடந்தது. அதை ஏற்பாடு செய்வதில் முன்நின்ற ஜோ டேவிஸ் என்பவரே வென்றார். அவருக்குக் கிடைத்த பணம் 6 பவுண்டு 10 ஷில்லிங். பெரும் பந்தயம் என்று இன்று நாம் கொண்டாடுவது பிறந்தபோது இத்துணைச் சிறியதாக இருந்தது. அவரே 1946 வரை பதினைந்து முறை பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்தார். அதன்பின் ஆட்டக்காரர்களின் தொகை சுருங்கிற்று. 1957-இல் உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டவர் நால்வரே. பிறகு 1964 வரை ஏழாண்டுகள் அப்பந்தயம் நடைபெறவே இல்லை. மேல்நிலையில் ஒரு பட்டம் இருந்தது. அதற்கு ஏறி வரும் படிகள் இல்லை. புதிய முகங்கள் வராமையால் பழைய முகங்களைப் பார்க்க மக்களும் வரவில்லை.

மீண்டும் உயிர் வந்தது எப்படி? ஒரு சிறு பந்தயத்தால்! 1969-இல் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் வண்ணத் தொலைக்காட்சியைப் பிரபலப்படுத்த விரும்பியது. பல நிறப் பந்துகள் உருளும் ஸ்நூக்கர் அதற்குப் பொருத்தமாகத் தோன்றவே, ‘பாட் பிளாக்’ என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினர். எட்டே பேர், ஆட்டத்துக்கு ஒரே ஒரு பிரேம். நெடுநேரம் போராடிப் பழகிய பெரியவர்களுக்கு இது விளையாட்டையே விளையாட்டாக்கிவிட்டதாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஆனால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் ஓர் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க முடிந்ததால், பொதுமக்கள் இதன் விதிகளைக் கற்றுக்கொண்டனர். முதலாண்டு வென்ற ரே ரியர்டன் பின்னர் ஆறு முறை உலகப் பட்டம் பெற்றார். குரூசிபிளின் புகழெல்லாம் 1977-இல் அங்கே பந்தயம் குடிபுகுந்த பிறகு வந்தது. அதற்கு வேண்டிய ரசிகர் கூட்டத்தைத் திரட்டித் தந்ததில் ஒற்றைப் பிரேம் பந்தயத்துக்கு உரிய பங்கை மறுக்க இயலாது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2009-10 பருவத்தில் ஆட்டக்காரர்களின் தரவரிசையை நிர்ணயிக்கும் பந்தயங்கள் ஆறே ஆறு. முதல் சுற்றில் தோற்பவர் ஆண்டுக்கு ஆறு தடவை கோலை எடுத்து உறையில் போடுவார்; எஞ்சிய நாட்களில் அவருக்குத் தொழில் என்பதே இல்லை. உலகின் முதல் பதினாறு பேருக்கு இது ஒரு குறையாகத் தோன்றாமலிருக்கலாம். ஐம்பதாவது, அறுபதாவது இடத்தில் இருப்பவர் என்ன செய்வார்? வேறு வேலை தேடுவார், பயிற்சி குறையும், மறு ஆண்டு இன்னும் கீழே இறங்குவார்.

2010-இல் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற பாரி ஹெர்ன் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். ‘பிளேயர்ஸ் டூர் சாம்பியன்ஷிப்’ என்ற பெயரில் ஒரே பருவத்தில் பன்னிரண்டு சிறு பந்தயங்களை ஏற்படுத்தினார். பாதி ஷெபீல்டில் உள்ள பயிற்சிக்கூடத்தில். மீதி பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களில். ஏழு பிரேம்களுள் நான்கை முதலில் எடுப்பவருக்கு வெற்றி. வென்றவருக்கு இங்கிலாந்துப் பந்தயங்களில் 10,000 பவுண்டு. இன்று உலகப் பட்டம் பெறுபவர் 5,00,000 பவுண்டு பெறுகிறார் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். தொழில்முறை ஆட்டக்காரர் மட்டுமன்றி, நுழைவுக் கட்டணம் செலுத்திய அமெச்சூர்களும் சேர்ந்து ஆடலாம் என்பது இதில் தனிச் சிறப்பு. 2016 வரை இவ்வரிசை ஏதேனும் ஒரு வடிவில் நடந்து வந்தது.

குறுகிய ஆட்டம் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. இருவருள் ஒருவர் சற்று வல்லவர். பத்துப் பிரேம்கள் ஆடினால் ஆறை அவர் எடுக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பிரேம் ஆட்டத்தில் அவர் நூற்றுக்கு 71 தடவை வெல்வார். உலகப் பந்தயத்தின் இறுதியாட்டம் போல 35 பிரேம்கள் ஆடினால் நூற்றுக்கு ஏறக்குறைய 88 தடவை வெல்வார். அதாவது, நெடிய ஆட்டத்தில் வல்லவரை நூற்றில் பன்னிரண்டு முறையே வீழ்த்தக்கூடிய இளைஞர், சிறு பந்தயத்தில் இருபத்தொன்பது முறை வீழ்த்துவார். இதை அநீதி என்று சிலர் சொல்வர். யார் சிறந்தவர் என்று தீர்ப்பளிப்பது மட்டுமே பந்தயத்தின் வேலை என்றால், அநீதிதான். புதியவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பதும் அதன் வேலை என்று கொண்டால், இந்தப் பதினேழு முறைதான் அந்த வாசல்.

வேறொரு பயனும் உண்டு. அதைப் பார்வையாளர் எளிதில் உணர்வதில்லை. தொழில்முறைப் பந்தயங்களில் மேஜையின் பலகைக் கல்லுக்கு அடியில் மின்சாரத்தால் சூடேற்றுவார்கள். ஈரம் ஏறாமல் துணி வறண்டு இருக்கும். பந்து வேகமாகவும் நெடுந்தொலைவும் ஓடும். ஓரத்து ரப்பரில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். நம் ஊர்க் கிளப்புகளிலோ மழைக்காலத்தில் துணி ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆண்டில் பல மாதம் மழை பொழியும் அந்தமான் போன்ற தீவில் ஒருவர் மேஜை போட்டு ஆடினால் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஈர மேஜையில் பத்தாண்டு பழகிய கை, வறண்ட மேஜைக்கு முன் திடீரென்று நின்றால் முதல் அடியிலேயே திகைத்துப்போகும். அந்த வேகத்துக்குக் கையைப் பழக்கும் இடம் பெரும் அரங்கு அல்ல. அங்கே ஒரு தோல்வியோடு ஊர் திரும்ப வேண்டும். மாதம் ஒரு முறை வரும் சிறு பந்தயமே அதற்கு ஏற்ற பள்ளி.

இப்பள்ளியில் தேறியவர்கள் சிலரைக் காண்போம். ஜெர்மனியில் ஃபுயர்ட் என்று ஒரு நகரம். அங்கே 2004-இல், தொழில்முறையாளரும் அமெச்சூரும் கலந்து ஆடும் பந்தயம் ஒன்று தொடங்கியது. முதலாண்டு வென்றவர் பால் ஹண்டர் என்ற ஆங்கிலேய இளைஞர். அழகிய ஆட்டமும் இனிய குணமும் படைத்த அவர் 2006-இல் தம் 27-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டு முதல் பந்தயத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். 2010-இல் இது மேற்சொன்ன சிறு பந்தய வரிசையில் சேர்ந்தது. அவ்வாண்டு வென்றவர் 21 வயது ஜட் டிரம்ப். அடுத்த ஆண்டு வசந்தத்தில் அவர் சீனாவில் ஒரு பெரிய பந்தயத்தை வென்று, உலகப் பந்தயத்தின் இறுதியாட்டத்துக்கும் போனார். 2019-இல் உலகப் பட்டமே பெற்றார்.

அதே ஃபுயர்ட் நகரில் 2014 ஆகஸ்டில் நமக்கும் ஒரு பெருமை கிட்டியது. பம்பாயைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா அங்கே 147 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்தார். தொழில்முறைப் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் இதைச் செய்தது அதுவே முதன்முறை. குரூசிபிளில் நடந்திருந்தால் உலகமே பேசியிருக்கும். சிறு பந்தயத்தில் நடந்ததால் நம் நாட்டுப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் அடங்கிவிட்டது. ஆயினும் 147 எங்கே எடுத்தாலும் 147 தானே!

பெல்ஜியத்தின் லூகா பிரெசெல் கதையும் இத்தகையது. ‘சாம்பியன்ஷிப் லீக்’ என்பது 2008-இல் ஒரு கோல்ஃப் கிளப்பில், பார்வையாளர் இருக்கைகளே இல்லாமல், இணையத்தில் காட்டுவதற்கென்றே தொடங்கிய பந்தயம். கொரோனாப் பெருநோயால் உலகெங்கும் மைதானங்கள் மூடிக்கிடந்த 2020 ஜூன் மாதம், பூட்டிய மண்டபத்தில் ஆட்டக்காரர்களைத் தனிமைப்படுத்தி மீண்டும் தொடங்கிய முதல் ஸ்நூக்கர் பந்தயம் இதுவே. பார்வையாளரைச் சார்ந்திராத எளிமையே அந்நாளில் அதற்கு வலிமையாயிற்று. அதை வென்ற பிரெசெல், 2023-இல் உலகப் பட்டத்தையும் வென்றார். ஐரோப்பாவின் பெருநிலப்பகுதியிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவர்.

ரசிகர்களுக்கு இதில் என்ன உண்டு என்று கேட்கலாம். பெரிய அரங்கில் விளக்கு வெளிச்சம் இரண்டு மேஜைகள்மேல் விழும். நாம் இருட்டில் எங்கோ உட்கார்ந்திருப்போம். சிறு பந்தயங்களின் முதல் சுற்றுகளில் எட்டுப் பத்து மேஜைகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் முன்னாள் உலக வீரர், அடுத்ததில் அவ்வூர்த் தச்சரின் மகன். கோல் நுனியில் சுண்ணக்கட்டி தேய்க்கும் ஓசை கேட்கும் அளவுக்கு அருகில் நிற்கலாம். கோவில் திருவிழாவில் தேரைப் பார்ப்பது ஓர் இன்பம். தேர் நிலைக்கு வந்தபின் சிற்பங்களை ஒவ்வொன்றாய்ப் பார்ப்பது வேறோர் இன்பம். ஆட்டத்தின் நுணுக்கத்தை உண்மையாக அறிய விரும்புகிறவன் இரண்டாவதையே தேடுவான். ஓர் இளைஞன் படிப்படியாக உயர்வதை ஆரம்பத்திலிருந்தே கண்டுவந்தவனுக்கு, அவன் ஒருநாள் பட்டம் பெறும்போது உண்டாகும் உரிமை கலந்த மகிழ்ச்சி, அன்றைக்கு மட்டும் தொலைக்காட்சியைத் திருப்பியவனுக்கு வராது.

தொலைவில் இருக்கும் ரசிகனின் நிலை வேறு. தென் அந்தமானில் குட்வில் எஸ்டேட்டில் வாழும் ஒரு தமிழ் அன்பரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அவர் ஷெபீல்டு போவது எங்கே? 2020-க்கு முன் தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அசையும் படம் ஒன்றைப் பார்க்கத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். பந்து குழியில் விழுந்ததா, விளிம்பில் நின்றதா என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள், சென்னையைப் போர்ட் பிளேரோடும் வேறு சில தீவுகளோடும் இணைக்கக் கடலடியில் போடப்பெற்ற, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமான கம்பித்தொடர் திறந்து வைக்கப்பட்டது. பெரும் பந்தயங்களைத் தொலைக்காட்சி முன்பே காட்டி வந்தது. இணையத்திலே மட்டும் வரும் சிறு பந்தயங்களை அத்தீவு அன்பர் காண வழி பிறந்தது இதற்குப் பிறகுதான். மேலும் உலகப் பந்தயம் ஆண்டில் பதினேழு நாளில் முடிந்துவிடும். ஏனைய நாட்களில் ரசனையை வாடாமல் வைத்திருப்பவை சிறு பந்தயங்களே.

இவ்வளவும் புகழ்ச்சி. குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு பந்தயத்தில் கடைசி அறுபத்துநால்வருள் ஒருவராக வந்து தோற்றவருக்கு அக்காலத்தில் கிடைத்தது 200 பவுண்டு. விமானக் கட்டணம், விடுதி வாடகை, உணவு எல்லாம் அவர் கையிலிருந்து. வென்றால்தான் பிழைப்பு, தோற்றால் ஆடியதற்கே அபராதம். வருமானம் குறைந்து, கண்காணிக்கும் கூட்டமும் இல்லாத இடத்தில் சூதாட்டக்காரரின் ஆசை வார்த்தை எளிதில் எடுபடும். ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே பேசி வைத்த குற்றத்துக்காக 2013-இல் ஸ்டீபன் லீ என்ற ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2023-இல் சீன ஆட்டக்காரர் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் இருவருக்கு ஆயுட்காலத் தடை. தீயவர்கள் எங்கும் உண்டு என்று இதை ஒதுக்கிவிடலாகாது. ஒருவன் நேர்மையாக ஆடி வயிறு வளர்க்க முடியாத தொழிலில், நேர்மையை அவன் ஒருவன் தலைமேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. இதை ஓரளவு உணர்ந்தே, 2022-23 பருவம் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 20,000 பவுண்டு வருமானம் உறுதி செய்யப்பட்டது. பந்தயங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது முதற்படி. தோற்றவனும் ரயிலேறி ஊர் திரும்பக் காசு தருவது இரண்டாவது படி. முதற்படியோடு நின்றுவிட்ட ஆண்டுகள் சில உண்டு என்பது என் கருத்து.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். தொழில்முறைத் தரவரிசைப் பந்தயம் ஒன்று ‘இந்தியன் ஓப்பன்’ என்ற பெயரில் 2013-இல் புதுடில்லியில் நடந்தது. பெரும் பந்தயங்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தரத்துக்கும் கீழே. ஆயினும் அதில்தான் ஆதித்ய மேத்தா இறுதியாட்டம் வரை முன்னேறி, சீனத்தின் டிங் ஜுன்ஹுயியிடம் தோற்றார். தரவரிசைப் பந்தயம் ஒன்றின் இறுதியாட்டத்தில் இந்தியர் ஒருவர் நின்றது அதுவே முதல் தடவை. இது டில்லியில் நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பழக்கமான உணவு, பழக்கமான மொழி, பயணக் களைப்பு இல்லாமை, கூடத்தில் சொந்த மக்களின் கரகோஷம் ஆகியவை ஒரு பிரேமுக்கு எத்தனை புள்ளி பெறும் என்று அளந்து சொல்ல முடியாது. பெறும் என்பது மட்டும் உறுதி. இதன் உடன்பிறப்பான பில்லியர்ட்ஸிலும் இவ்வாறே. வில்சன் ஜோன்ஸ் 1958-இல் உலக அமெச்சூர் பட்டம் வென்று, எந்தத் தனிநபர் விளையாட்டிலும் இந்தியாவின் முதல் உலக வீரரானது கல்கத்தாவில். இலங்கையின் எம். ஜே. எம். லாபிர் 1973-இல் அப்பட்டத்தை வென்றது பம்பாயில். 1984-இல் அமெச்சூர் ஸ்நூக்கரின் உலகப் பட்டத்தை டப்ளின் நகரிலிருந்து கொண்டுவந்த ஓம் அகர்வால் போன்றோர் விதிவிலக்கு. விதிவிலக்குகளை நம்பி ஒரு நாடு ஆட்டக்காரர்களை வளர்க்க முடியாது.

பங்கஜ் அத்வானியின் வரலாற்றில் இந்தத் தூரத்தின் விலை நன்கு தெரியும். ஸ்நூக்கரிலும் பில்லியர்ட்ஸிலும் சேர்த்து இருபத்தைந்துக்கு மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்றவர் அவர். 2012-இல் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்து, மறு ஆண்டே வேல்ஸ் நாட்டுப் பந்தயத்தில் காலிறுதிக்குச் சென்றார். 2014-இல் அச்சுற்றை விட்டு விலகினார். திறமைக் குறைவு என்று அவரைப் பற்றி எவரும் சொல்லத் துணியார். பெங்களூரில் வீடும், மாதந்தோறும் இங்கிலாந்தில் பந்தயமும் என்றால், ஒருவன் இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தத் தராசு எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியன் ஓப்பன் டில்லிக்குப் பின் 2015-இல் பம்பாயிலும், 2016-இல் ஹைதராபாத்திலும், 2017-இல் விசாகப்பட்டினத்திலும், 2019-இல் கொச்சியிலும் நடந்தது. இந்த ஐந்து ஊர்களையும் கவனியுங்கள்: கரோல்பாக் முதல் மாதுங்கா வரை, தமிழர்கள் குடியேறித் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நகரங்கள் இவை. அந்தமானுக்குக் கப்பல் புறப்படும் துறைகளுள் விசாகப்பட்டினமும் ஒன்று. தமிழ்நாட்டில் மட்டும் ஒருமுறையும் நடக்கவில்லை! விதிகள் எழுதப்பெற்ற மலையிருக்கும் மாநிலத்தவர் இதைக் காண அயல் மாநிலத்துக்குப் போகவேண்டியிருந்தது. அயல் மாநிலத்துத் தமிழர்களுக்கோ அது வீட்டு வாசலுக்கே வந்தது. இடம்பெயர்ந்தவனுக்கு வாய்க்கும் நற்பேறுகள் சில. அவற்றுள் இதையும் சேர்க்கலாம்.

கொச்சியில் 2019-இல் வென்றவர் மாத்யூ செல்ட் என்ற ஆங்கிலேயர். பல்லாண்டுகள் தொழில்முறையில் உழைத்தும் தரவரிசைப் பட்டம் ஒன்றும் பெறாதவர். முன்னணி வீரர்கள் சிலர் பயணத்தைத் தவிர்க்கும் இத்தகைய பந்தயங்களில்தான் அவரைப் போன்றவர்களுக்கு வேளை வரும். கிடைத்தது 50,000 பவுண்டு. தரவரிசை பரிசுப் பணத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், அத்தொகை அவருக்கு மேலும் சில ஆண்டுகள் தொழிலில் நிற்க இடம் தந்தது. கொச்சிக்குப் பின்வந்த ஆண்டுகளில் இந்தியன் ஓப்பன் தொடரவில்லை.

அப்பந்தயம் நின்றாலும் ஆட்டக்காரர்கள் நின்றுவிடவில்லை. பம்பாயின் இஷ்பிரீத் சிங் சட்டா, ‘கியூ ஸ்கூல்’ எனப்படும் தகுதிப் பந்தயங்களில் தேறி 2023-இல் தொழில்முறைச் சுற்றில் நுழைந்தார். பெண்களுள் வித்யா பிள்ளை 2017-இல் சிங்கப்பூரில் உலக மகளிர் பட்டத்தின் இறுதியாட்டத்தில் கடைசிப் பிரேம் வரை போராடித் தோற்றார். 2025 நவம்பரில் கத்தார் நாட்டுத் தோஹா நகரில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் புகழ்பெற்ற வீராங்கனை இங் ஒன்யீயை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று, அமெச்சூர் சம்மேளனத்தின் உலக ஸ்நூக்கர் பட்டத்தைப் பெற்றார். ஐந்து பிரேம் ஆட்டம் அது! முன் சொன்ன கணக்கை நினைவுகூர்ந்தால், குறுகிய ஆட்டம் யாருக்குக் கதவு திறக்கிறது என்பது விளங்கும். அக்கதவு வழியே நுழைந்து இறுதி வரை நிற்பது ஆட்டக்காரரின் சொந்தத் திறமை.

இத்தகைய ஒருவர் தொழில்முறையில் இறங்க விரும்பினால், நம் நாட்டிலேயே ஆண்டுக்கு மூன்று நான்கு சிறு பந்தயங்களாவது வேண்டும். அதற்குத் தேவை மலைக்கத்தக்கவை அல்ல. ஏழெட்டு மேஜைகள் கொள்ளும் ஒரு மண்டபம், அவற்றுக்கு அடியில் சூடேற்றும் கருவி, விதியறிந்த நடுவர்கள், ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு நிழற்படக் கருவி, தோற்றவருக்கும் பயணச் செலவு. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பருவமழை தொடங்குமுன் ஒரு வாரம் இதை நடத்தலாம். நேரில் வர இயலாத ஹைதராபாத் அன்பரும் குட்வில் எஸ்டேட் அன்பரும் கடலடிக் கம்பி வழியாகவோ தரைக் கம்பி வழியாகவோ முதல் சுற்றிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள்.